கேத்தலில் படியும் கல்: புத்தளம், மன்னார், யாழ்ப்பாணத் தண்ணீரின் கதை

புத்தளத்திலோ மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் எந்த வீட்டுக்குப் போய்க் கேத்தலைத் திறந்து பார்த்தாலும் அடியில் வெள்ளையாக ஒரு படை இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். சிலர் அதை உப்பு என்பார்கள். சிலர் சுண்ணாம்பு என்பார்கள். வயதானவர்கள் "கல்லுத் தண்ணி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இந்த வெள்ளைப் படையின் வரலாற்றைத்தான் இன்று எழுத நினைத்தோம். கேத்தலுக்கும் ஒரு வரலாறா என்று சிரிக்க வேண்டாம். ஹீட்டர் எரிந்து போகிறது, வோஷிங் மெஷினுக்குள் தண்ணீர் ஏறவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை, தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வருமாம் என்று நாளாந்தம் ஏதாவது ஒரு கதை காதில் விழுகிறது. அந்தப் பயத்தை வைத்து வியாபாரமும் நடக்கிறது. நமது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்றும் பார்க்கலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

▪ முதலில் பாறை

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்குக் கீழே இருப்பது மிகப் பழைய, கடினமான பளிங்குருப் பாறை. கண்டியிலும் குருநாகலிலும் அநுராதபுரத்திலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே கரும்பாறை தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் வழியாகப் புத்தளம் வரை வரும் மேற்குக் கரையோரப் பட்டி வேறு வகை. இங்கே கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மயோசீன் காலம் என்று புவியியலாளர் சொல்லும் காலத்தில், அதாவது சுமார் 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்தப் பகுதி ஆழமில்லாத கடலாக இருந்தது. சிப்பிகளும் பவளங்களும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களும் அடியில் விழுந்து, அமுங்கி, இறுகிக் கல்லாயின. வண்ணாத்திவில்லுக்கு அப்பால் அருவக்காட்டில் அந்தக் கடல் உயிர்களின் எச்சங்கள் கல்லோடு கல்லாக இன்றும் கிடைக்கின்றன.

இந்தக் கல்லால்தான் நாட்டின் சீமெந்துத் தொழில் எழுந்தது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது. பின்னர் புத்தளத்திலும் ஒன்று வந்தது. அருவக்காட்டில் வெட்டிய சுண்ணாம்புக்கல் தண்டவாளத்தில் ஏறிப் புத்தளத்துக்கு வந்து சீமெந்து ஆனது. கொழும்பில் கட்டடம் எழுப்பிய கல்லும் நமது கேத்தலில் படியும் கல்லும் ஒன்றுதான். ஒன்று ரயிலில் போகிறது, மற்றது தண்ணீரில் கரைந்து வருகிறது.

▪ கல் எப்படித் தண்ணீரில் கரைகிறது?

மழைத்தண்ணீர் வானத்திலிருந்து விழும்போது மென்னீர். அதில் கல்சியமும் மகனீசியமும் மிகக் குறைவு. அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் உக்கிய இலைகுழைகளும் வெளிவிடும் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீரில் மிக மெல்லிய புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்தது கல்சியம் இருகாபனேற்றாகத் தண்ணீரோடு வருகிறது. பார்க்கப் பளிங்கு போலத் தெளிவாகத்தான் இருக்கும்.

அதே தண்ணீரைச் சூடாக்கினால் நடந்தது எல்லாம் பின்னோக்கி நடக்கும். காபனீரொட்சைட்டு குமிழாகப் போய்விடும். கரைந்திருந்தது மறுபடியும் கல்லாகப் படியும். பாடப் புத்தகத்தில் இதைத் தற்காலிக வன்மை என்று படித்திருப்பீர்கள். கல்சியமும் மகனீசியமும் சல்பேற்றாகவோ குளோரைட்டாகவோ இருந்தால் கொதிக்கவைத்தும் போகாது. அது நிரந்தர வன்மை. நமது கிணறுகள் பலவற்றில் இரண்டும் கலந்தே இருக்கும்.

வன்மையையும் உவரையும் ஒன்றாக நினைப்பவர்கள் நம்மில் பலர். இரண்டும் வேறு. உவர் என்பது பெரும்பாலும் கடலுப்பு, நாக்கில் தெரியும். வன்மை பல நேரம் நாக்குக்குத் தெரியாது, சவர்க்காரத்துக்குத்தான் தெரியும். கடலோரத்தில் அளவுக்கு மிஞ்சி மோட்டர் போட்டு இறைக்கும்போது கடல்நீர் உள்ளே ஏறி இரண்டும் சேர்ந்துவிடுவதும் உண்டு.

அளவு சொல்வதானால், ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு 60 மில்லிகிராம் வரை மென்னீர். 120 க்கு மேல் வன்னீர். 180 க்கு மேல் மிக வன்னீர். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் மேல் எல்லை 250.

▪ மெஷின் வருவதற்கு முன்

நமது மூதாதையர்களிடம் மீற்றர் இருக்கவில்லை. ஆனால் எந்தக் கிணறு எதற்கு என்பது தெரிந்திருந்தது. குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒன்று. "நல்ல தண்ணிக் கிணறு" என்று ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். வீட்டு வாசலில் கிணறு இருந்தும் அங்கே குடத்தோடு நடந்த பெண்களை மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அவர்களுடைய ஆய்வுகூடம் அடுப்படி. பருப்பு அவிகிறதா என்று பார்ப்பார்கள். வன்னீரில் பருப்பும் கடலையும் கௌப்பியும் லேசில் அவியாது. தானியத்தின் தோலிலும் உள்ளேயும் இருக்கும் பெக்ரின் என்ற பொருளைக் கல்சியம் இறுக்கிப் பிடித்துவிடுவதே காரணம். அடுத்தது தேநீர். வன்னீரில் போட்ட பிளேன்டீ நிறம் கறுத்து, ஆறும்போது மேலே மெல்லிய ஆடை கட்டும். அதுவும் கல்சியத்தின் வேலைதான். இந்த இரண்டு சோதனைகளையும் எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மருந்தும் அடுப்படியில்தான் இருந்தது. தமிழ் பேசும் ஊர்களில் துணி வெளுத்தவர்கள் உவர்மண்ணையும் சாம்பல் நீரையும் பாவித்தார்கள். சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. உவர்மண்ணில் சோடியம் காபனேற்று இருக்கிறது. இரண்டும் தண்ணீரிலுள்ள கல்சியத்தைப் பிடித்து அடியில் இறக்கிவிடும். இன்று சலவைத் தூளுக்குள் சேர்க்கும் சோடாவும் அதே சோடியம் காபனேற்றுத்தான். சாம்பல் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரில் துணி துவைத்தவர்கள் படிக்காதவர்களாக இருக்கலாம். செய்தது சரியான இரசாயனம்.

▪ நீராவி வந்தபோது

வன்னீர் வெறும் அடுப்படிச் சங்கடமாக இருந்த வரை உலகம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் அது பணப் பிரச்சினையானது. கொதிகலனின் உட்சுவரில் கல் படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. நிலக்கரி வீணாகும். இரும்புத் தகடு அளவுக்கு மீறிச் சூடாகி இளகும். கொதிகலன் வெடித்து ஆட்கள் இறந்த கதைகள் 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏராளம். அவற்றில் கல் படிந்ததும் ஒரு காரணம்.

ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் இரசாயனப் பேராசிரியராக இருந்த தோமஸ் கிளார்க், 1841 இல் தண்ணீரின் வன்மையை நீக்கும் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்ததைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். சுண்ணாம்பு கரைந்த தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் நீற்றிய சுண்ணாம்பைப் போட்டார். புதிதாகப் போட்ட சுண்ணாம்பு தண்ணீரிலிருந்த காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொள்ள, கரைந்திருந்ததும் போட்டதும் சேர்ந்து வெள்ளையாக அடியில் இறங்கின. மேலே மென்னீர். வன்மையை அளக்கச் சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு நுரை வரும் இடத்தைப் பார்க்கும் முறையும் அவருடையதே. பிரித்தானியாவில் "கிளார்க் பாகை" என்ற அளவு அவர் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் 1905 அளவில் ஜேர்மனியில் வந்தது. றொபேட் கான்ஸ் என்ற இரசாயனவியலாளர், கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும் சியோலைற்று மணிகளைத் தண்ணீரை மென்மையாக்கப் பாவித்தார். மணிகள் களைத்துவிட்டால் சாதாரண உப்புத் தண்ணீரால் கழுவினால் போதும், மறுபடியும் வேலை செய்யும். இன்று கடைகளில் விற்கும் "சொஃப்ட்னர்" அந்த வழியில் வந்ததுதான். உப்பளத்துக்குப் பேர்போன புத்தளத்து மக்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. கல்லை நீக்க உலகமே தேடும் உப்பு நமது வாசலில் விளைகிறது.

நமது பக்கத்துக்கு நீராவி ரயிலோடு வந்தது. காங்கேசன்துறைக்கு 1905 இல், தலைமன்னாருக்கு 1914 இல், புத்தளத்துக்கு 1926 இல் பாதை திறந்தது. நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியைப் போலவே தண்ணீரும் தீனி. வன்னீர் குடித்த எஞ்சினின் கொதிகலனை அடிக்கடி திறந்து கழுவிச் சுரண்ட வேண்டும். அந்த எஞ்சின்கள் போய்விட்டன. ஆனால் அதன் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கின்றன: கேத்தல், ஹீட்டர், ஸ்ரீம் அயன். மூன்றுமே சிறு கொதிகலன்கள்தான்.

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2011 இல் இயங்கத் தொடங்கி இன்று 900 மெகாவொற் கொள்ளளவோடு நிற்கும் அந்த நிலையத்தின் கொதிகலன்களுக்குக் கனியுப்பு முழுவதும் நீக்கிய தண்ணீர்தான் போகும். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரைக்கூட அதற்குள் ஊற்றமாட்டார்கள். அங்கே பிறக்கும் மின்சாரத்தில் நாம் நமது கேத்தலில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறோம்.

▪ சவர்க்காரம் தின்னும் தண்ணீர்

1938 இல் லீவர் பிரதர்ஸ் கொழும்பில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சவர்க்காரக் கட்டி நாடெங்கும் மலிவாகப் பரவியது. ஆனால் கொழும்பில் நுரைத்த அதே கட்டி நம் கிணற்றடியில் நுரைக்கவில்லை. காரணம் எளிது. சவர்க்காரம் முதலில் கல்சியத்தோடு சேர்ந்து ஒட்டும் அழுக்காகும். கல்சியம் தீர்ந்த பிறகுதான் நுரை வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மையுள்ள தண்ணீர் 20 லீற்றர் வாளியில் இருக்கிறது. அந்த வன்மையை முடிக்க மட்டும் சுமார் 36 கிராம் தூய சவர்க்காரம் போய்விடும். அதாவது 100 கிராம் கட்டியில் மூன்றில் ஒன்றுக்கு மேல், துணியில் ஓர் அழுக்கும் போகுமுன்னே! வாளி ஓரத்தில் படியும் சாம்பல் நிற வளையமும், வெள்ளைச் சட்டை நாளடைவில் மங்கிப் போவதும் இதனால்தான். தலைக்குச் சவர்க்காரம் போட்டால் முடி சிக்குப் பிடிப்பதும் இதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கைச் சலவைத் தூள்கள் பரவின. அவை வன்னீரிலும் நுரைக்கும். அத்தோடு நமது பெண்களின் கை நோவு பாதியாகக் குறைந்தது என்று சொன்னால் மிகையில்லை.

▪ 1990: ஒரே கல்லின் மேல் இரண்டு மக்கள்

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. அந்த வரலாற்றை இங்கே முழுதாக எழுத இடமில்லை. தண்ணீரோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

சிறு சிறு ஊர்களில் ஒரே இரவில் சனத்தொகை பெருகியபோது முதலில் நெருக்கடி வந்தது கிணற்றடியில். ஒரு கிணற்றில் பத்து வீடு அள்ளிய இடத்தில் நூறு வீடு அள்ள வேண்டி வந்தது. வரிசை நீண்டது. கோடையில் வாளி அடிமண்ணில் தட்டியது. கொடுத்தவர்களுக்கும் கஷ்டம், கேட்டவர்களுக்கும் கூச்சம். மனத்தாங்கல் வந்த இடங்கள் உண்டு. தமது கிணற்றைத் திறந்துவிட்டுத் தாம் பின்னால் நின்று அள்ளியவர்களும் உண்டு. இரண்டையும் மறக்காமல் இருப்பதுதான் நேர்மை.

ஆனால் ஒன்றை அப்போது யாரும் பேசவில்லை. வந்தவர்கள் விட்டுவந்த மண்ணும் வந்து சேர்ந்த மண்ணும் கீழே ஒரே கல். சோனகத் தெருவில் கேத்தலில் படிந்த அதே வெள்ளை, எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் சுரண்டிய அதே வெள்ளை, புத்தளத்து முகாமின் அலுமினியப் பானையிலும் படிந்தது. "அகதி", "ஊரார்" என்று மேலே எத்தனை பெயர் வைத்தாலும் கீழே நிலத்துக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான்.

பின்னர் 2007 இல் தொடங்கிய உலக வங்கி வீடமைப்புத் திட்டத்தில் வீட்டோடு குடிநீரும் மலசலகூட வசதியும் சேர்க்கப்பட்டன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு மன்னார், வவுனியா, புத்தளம், சிலாபம் ஆகிய நான்கு நகரங்களுக்கு உலர் வலயக் குடிநீர்த் திட்டம் வந்தது. இவையெல்லாம் பெரிய நிவாரணம். இருந்தாலும் குழாய்த் தண்ணீர் வந்ததும் வன்மை போய்விடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். சீனக்காரம் போட்டுத் தெளியவைப்பதும், மணலில் வடிப்பதும், குளோரின் இடுவதும் சேற்றையும் கிருமியையும் நீக்கும். கரைந்திருக்கும் கல்சியத்தை அவை தொடாது. மூலத்தண்ணீர் வன்னீராக இருந்தால் டெப்பில் வருவதும் வன்னீர்தான். சுத்தமான வன்னீர், அவ்வளவுதான்.

▪ இன்று நம் வீட்டுச் சாமான்களுக்கு நடப்பது

கேத்தல்: 1.5 லீற்றர் கேத்தலை ஒரு நாளைக்கு நான்கு தடவை கொதிக்கவைக்கும் வீட்டில் வருடத்துக்கு 2,190 லீற்றர் ஓடுகிறது. லீற்றருக்கு 200 மில்லிகிராம் படியக்கூடிய தண்ணீர் என்றால் வருடத்தில் 438 கிராம் கல். கிட்டத்தட்ட அரைக் கிலோ! எல்லாம் ஒட்டிக்கொள்ளாது, ஒரு பகுதி தேநீரோடு போய்விடும். மீதி அடியில்.

மின்கேத்தலில் கல் படிந்தால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்று சொல்வார்கள். அது மிகை. சுருளின் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். உண்மையான நட்டம் வேறு. கல் போர்த்தியதால் சுருள் தன் சூட்டை விடமுடியாமல் உள்ளே வெந்து சீக்கிரம் எரிந்துபோகும். விறகிலோ காஸிலோ வைக்கும் பானை அப்படியல்ல. அங்கே அடியில் கல் இருந்தால் சூடு பானையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். எரிபொருளே வீணாகும். ஆகவே காஸ் அடுப்புப் பானையின் அடியைத்தான் முதலில் சுத்தமாக வைக்க வேண்டும்.

ஹீட்டர்: தண்ணீர் 60 பாகைக்கு மேல் சூடாகும்போது கல் படிவது வேகமாகும். சூட்டைக் குறைத்து வைத்தாலே ஆயுள் கூடும். ஷவரின் துவாரங்கள் அடைபடுவதும் இதே கல்லால்தான்.

வோஷிங் மெஷின்: நம் வீடுகளில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறோம். ஆகவே விளம்பரங்களில் காட்டுவது போல உள்ளே கல் மண்டுவது இங்கே குறைவு. நமது பிரச்சினை தண்ணீர் ஏறும் வாயிலிலுள்ள சிறு வலை. அதில் மணலும் வெள்ளைத் துகளும் அடைத்து, தண்ணீர் ஏறாமல் மெஷின் நின்றுவிடும். "மெஷின் பழுது" என்று தூக்கிக்கொண்டு ஓடுமுன் பைப்பைப் பூட்டி, குழாயைக் கழற்றி அந்த வலையைக் கழுவிப் பாருங்கள்.

ஸ்ரீம் அயன், பற்றரி, வாகன ரேடியேற்றர்: இவற்றுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பற்றரிக்குக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

பள்ளிவாசல்களில் வுழுச் செய்யும் டெப்புகள் ஒழுகுவதற்கும் பெரும்பாலும் உள்ளே படியும் இந்தக் கல்லே காரணம். ஒழுகும் டெப் ஒன்று ஒரு நாளில் வீணாக்கும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. நிர்வாகத்தினர் கவனிக்க வேண்டும்.

2022 இல் ரூபா விழுந்தபோது ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. இறக்குமதிச் சாமான்களின் விலையும் அதோடு ஏறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியது. அதற்கு முன் எரிந்தால் புதிது வாங்கலாம் என்று இருந்தோம். அதன் பின் ஒரு கேத்தலைக் காப்பாற்றுவதும் குடும்பக் கணக்காகிவிட்டது.

▪ பயத்தை விற்பவர்கள்

வீட்டுக்கு வந்து உங்கள் தண்ணீரைச் "சோதித்து" மெஷின் விற்பவர்கள் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைப்பார்கள். ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர்களுடைய சுத்தமான தண்ணீர். இரண்டிலும் மின் கம்பிகள் பொருத்திய கருவியைப் போடுவார்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் சேறுபோலப் பழுப்பாகிவிடும். அவர்களுடையது தெளிவாகவே இருக்கும். பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

இது சாதாரண மின்பகுப்பு. பழுப்பு நிறம் உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. கனியுப்பு உள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் கம்பி கரைகிறது. கனியுப்பு நீக்கிய தண்ணீர் கடத்தாது, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை யாராவது வந்தால், அவர்களுடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டீ.டீ.எஸ். மீற்றரும் அப்படித்தான். கரைந்திருப்பது மொத்தத்தில் எவ்வளவு என்று அது ஏறத்தாழச் சொல்லும். கரைந்திருப்பது என்ன என்று சொல்லாது. கிருமியைக் காட்டாது. கற்பிட்டி போன்ற விவசாயப் பகுதிகளில் பசளையிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் நைத்திரேற்றைத் தனியாகக் காட்டாது.

சிறுநீரகக் கல் பற்றி. கேத்தலில் படிவது கல்சியம் காபனேற்று. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று. பெயரில் கல் என்பதைத் தவிர இரண்டும் ஒன்றல்ல. நமது வெயிலில் சிறுநீரகக் கல்லுக்குப் பெரிய காரணம் தண்ணீர் போதுமான அளவு குடிக்காதது. வன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. வட மத்திய மாகாணத்தைப் பல ஆண்டுகளாக வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறொரு பெரிய துயரம். கேத்தல் கல்லைக் காட்டி அதன் பெயரைச் சொல்லி மெஷின் விற்பது நியாயமல்ல.

ஆர்.ஓ. மெஷின் கூடாது என்று சொல்லவில்லை. உவர் அல்லது புளோரைட்டு அல்லது நைத்திரேற்று எல்லை மீறிய இடத்தில் அது தேவைதான். ஆனால் சுத்தமான ஒரு லீற்றருக்காக அதைவிடக் கூடுதலான தண்ணீரை வெளியே கொட்டும் மெஷின்கள் பல. சொஃப்ட்னர் வாங்குபவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மையை அது நீக்கும்போது சுமார் 138 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். பிரஷர் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது. அதைக் கழுவும் உப்புத் தண்ணீரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் விடவே கூடாது.

▪ செலவில்லாமல் செய்யக்கூடியவை

1. ஒரே அளவான இரண்டு சிறு போத்தல்களில் மழைத்தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் பாதி எடுத்து, ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். சலவைத் தூளோ ஷம்பூவோ வேண்டாம், சவர்க்காரம்தான் வேண்டும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்ததை எடுத்து மறுபடி செய்யுங்கள். நுரை கூடினால் அந்தளவு தற்காலிக வன்மை. பிள்ளைகளோடு செய்யுங்கள், பாடமும் ஆகும்.

2. கேத்தலை மாதம் ஒரு தடவை தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ கலந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஒரு தடவை பச்சைத் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டுப் பாவியுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். கழிவறை அசிட்டைக் கேத்தலுக்குள் ஊற்றவே வேண்டாம். எந்த அமிலத்தையும் பிளீச்சோடு கலக்க வேண்டாம், நச்சுவாயு வரும்.

3. மழைத்தண்ணீரைச் சேர்ப்போம். 50 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழைக்கு 50 லீற்றர் விழும். வருடத்தில் 1,000 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால் 50,000 லீற்றர். பாதி கைவிட்டுப் போனாலும் தேநீருக்கும் பருப்புக்கும் தலை கழுவவும் தாராளம். முதல் மழையில் கூரை கழுவுப்பட்ட பிறகே தாங்கியில் சேருங்கள். குடிப்பதென்றால் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

4. மெஷின் வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் கட்டிச் செய்யலாம். மெஷின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் சிறிது.

▪ கடைசியாக ஒரு பெரிய விடயம்

சுண்ணாம்புக்கல் நமக்கு வன்மையை மட்டும் தரவில்லை. அதிலுள்ள வெடிப்புகளும் குழிகளும்தான் மழையை வாங்கிச் சேமித்துக் கிணறாகத் தருகின்றன. ஆறில்லாத யாழ்ப்பாணம் வாழ்ந்தது அந்தக் கல்லின் தயவில். ஆனால் மழை இறங்கும் அதே வழியால் மற்றவையும் இறங்கும். மணலும் களியும் வடிகட்டுவது போலச் சுண்ணாம்புக்கல் வடிகட்டாது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்ததும், 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா இழப்பீடு விதித்ததும் நமக்குப் பாடம். அருவக்காட்டில் கொழும்புக் குப்பையைக் கொட்டும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளத்து மக்கள் 2018 முதல் தெருவில் நின்றபோது கேட்ட கேள்வியும் இதுவே: இந்தக் கல்லின் மேல் கொட்டினால் கீழே என்ன ஆகும்?

வெள்ளைப் படை தொல்லைதான், ஆனால் நஞ்சல்ல. கண்ணுக்குத் தெரிகிறது, தேசிக்காயில் போய்விடுகிறது. நாம் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் இறங்குவதற்கு: பசளை, எண்ணெய், மலசலகூடக் குழி, குப்பைச் சாறு.

அதற்காக ஒரு யோசனை. ஒவ்வொரு ஊரிலும் பாடசாலையும் பள்ளிவாசல் நிர்வாகமும் இளைஞர் அமைப்பும் சேர்ந்து, பொதுக் கிணறுகளின் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு தடவை, மாரி முடிந்ததும் ஒன்று, கோடை முற்றியதும் ஒன்று எனப் பரிசோதித்து ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். வன்மை, உவர், நைத்திரேற்று, கிருமி இந்த நான்கும் போதும். பத்து வருடம் எழுதினால், நாளைக்கு யாராவது நம் மண்ணில் ஏதாவது கொட்ட வரும்போது, "முன்பு எங்கள் தண்ணீர் இப்படி இருந்தது" என்று காட்ட நம் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். அதற்கு ஒரு கொப்பியும் கொஞ்சம் பொறுமையும் போதும். எங்கள் பிள்ளைகள் தயார். உங்கள் ஊரில் யார் தொடங்குவது என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து செய்வோம்.